முட்டி மாற்று சிகிச்சையில் ரோபோ: ஆபரேஷன் செய்வது யார்? கூடுதல் பணம் கட்டத்தான் வேண்டுமா? - முழு விளக்கம்

"அம்மாவுக்கு முட்டி மாத்தணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எக்ஸ்ரே படத்தைக் கையில் பிடித்தபடி கவுன்ட்டருக்குப் போனால் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது. "நார்மலா பண்ணிக்கிறீங்களா, ரோபோட்டிக்கா?"

இரண்டு பேக்கேஜுக்கும் நடுவே தொகை எகிறுகிறது. "பணத்தைப் பார்த்தா எப்படி, நல்லதையே பண்ணுவோம்" என்பார் மகன். மகள் அதற்குள் யூடியூபில் நாலு வீடியோ பார்த்திருப்பார். அம்மாவோ, "மெஷின் கையில என் காலைக் கொடுக்கறதா?" என்று பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

மகன் நினைப்பதும் அம்மா பயப்படுவதும் இரண்டுமே முழு உண்மை இல்லை. ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. அதே நேரம், ரோபோ இருந்தாலே முட்டி இன்னும் நன்றாக வேலை செய்யும் என்றும் சொல்லிவிட முடியாது. இந்தக் கருவி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பது தெரிந்தால் கவுன்ட்டரில் பதில் சொல்வது கொஞ்சம் சுலபமாகும்.

முட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

"ஜவ்வு தேஞ்சு போச்சு" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். தொடை எலும்பின் கீழ் முனையும், கீழ்க்கால் எலும்பின் மேல் முனையும் சந்திக்கும் இடம்தான் முழங்கால் மூட்டு. இந்த முனைகளின் மேல் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒரு போர்வை மாதிரி மூடியிருக்கும். எலும்பும் எலும்பும் உரசாமல் காப்பது அதுதான். வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை எனப் பல காரணங்களால் அது மெலிந்து, கடைசியில் இல்லாமலே போய்விடுகிறது. எலும்போடு எலும்பு உரசும்போதுதான் அந்த வலி.

இந்தத் தேய்மான வகை மூட்டுவாதத்தோடு 2019-ல் உலகம் முழுக்க சுமார் 52.8 கோடி பேர் வாழ்ந்துகொண்டிருந்ததாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதிகம் பாதிக்கப்படுவது முழங்கால்தான். அது மட்டுமே 36.5 கோடி. பாதிக்கப்பட்டோரில் 60 சதவீதம் பேர் பெண்கள். பல வீடுகளில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது அம்மாவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடக்கு வாதம் வேறு. அதில் உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது. கை விரல், மணிக்கட்டு, முட்டி என்று பல இடங்களில் வீக்கம் வரும். அதை முதலில் மருந்தால்தான் கட்டுப்படுத்த வேண்டும். மருந்தை மீறி முட்டி சிதைந்துபோனால் அவர்களுக்கும் மூட்டு மாற்று செய்யப்படுகிறது.

நம் ஊரில் பலர் வலியைப் பல வருஷம் பொறுத்துக்கொண்டே இருந்துவிட்டு, கால் வில் மாதிரி வளைந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். முட்டியின் உட்பக்கம் அதிகமாகத் தேய்ந்துவிடுவதால் வரும் வளைவு இது. பின்னால் வரப்போகும் ரோபோ கதைக்கு இந்த வளைவு முக்கியம்.

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தாலே ஆபரேஷனா?

இல்லை. எக்ஸ்ரே மோசமாக இருந்தும் தினமும் நடைப்பயிற்சி போகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தை வைத்து மட்டும் யாருக்கும் முட்டி மாற்றுவதில்லை.

முதலில் எடை. நடக்கும்போது ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. 5 கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் 20 கிலோ மிச்சம். அடுத்தது தொடையின் முன்பக்கத் தசைக்கான பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் ஒழுங்காகச் செய்தவர்களில் பலர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். வலி மாத்திரை, முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆகியவை கொஞ்ச நாளைக்கு நிவாரணம் தரும். வலி மாத்திரையை மாசக்கணக்கில் நாமே வாங்கிப் போட்டுக்கொண்டால் கிட்னியும் வயிறும் பாதிக்கப்படும்.

"ஊசி போட்டா ஜவ்வு திரும்ப வளரும்" என்ற விளம்பரங்களும் சுற்றுகின்றன. முழுசாகத் தேய்ந்துபோன குருத்தெலும்பைப் பழையபடி வளரவைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரையோ ஊசியோ இன்றுவரை கிடையாது.

இத்தனையும் செய்து பார்த்தும் ராத்திரி தூக்கம் கெடுகிறது, பக்கத்துத் தெருக் கடைக்குப் போக முடியவில்லை, கால் வளைந்துகொண்டே போகிறது என்றால் அப்போதுதான் மூட்டு மாற்று பற்றிய பேச்சு வரும்.

முட்டியையே வெட்டி எடுத்துவிடுவார்களா?

பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நடப்பது வேறு. சொத்தைப் பல்லின் மேல்பகுதியைச் சீவிவிட்டு கேப் போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தொடை எலும்பின் முனையிலும் கீழ்க்கால் எலும்பின் முனையிலும் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு எலும்பு சீவப்படும். மேலே பெரும்பாலும் கோபால்ட்-குரோம் உலோகத்தாலான கவசம், கீழே ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே உயர்தர பிளாஸ்டிக் துண்டு. புதிய குருத்தெலும்பாக இனி வேலை செய்யப்போவது அந்த பிளாஸ்டிக்தான்.

இன்று உலகமெங்கும் பொருத்தப்படும் செயற்கை முட்டிகளுக்கு முன்னோடியான வடிவம் 1974-ல் நியூயார்க்கில் உள்ள ஹாஸ்பிட்டல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதை உருவாக்கிய குழுவில் ஜான் இன்சாலுடன் இருந்தவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். அன்றைய பிரதமர் வாஜ்பாயிக்கு மும்பை ப்ரீச் கேண்டி மருத்துவமனையில் 2000-ல் இடது முட்டியிலும் 2001-ல் வலது முட்டியிலும் ஆபரேஷன் செய்தவரும் அவரே. மூட்டு மாற்று என்றால் என்ன என்று இந்தியாவில் பல குடும்பங்கள் கேள்விப்பட்டது அந்தச் செய்திகளில்தான். அந்த இரண்டு ஆபரேஷன்களிலும் ரோபோ கிடையாது.

ரோபோ இல்லாத அந்தக் காலத்து முட்டிகள் எத்தனை வருஷம் தாங்கின? பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து ஆராய்ந்து லான்செட் மருத்துவ இதழ் 2019-ல் வெளியிட்ட கட்டுரையின் கணக்குப்படி, முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. "பத்து வருஷம்தான் வருமாமே" என்று இன்றும் சொல்லப்படுவது பழைய பேச்சு.

அப்புறம் ரோபோ எதற்கு?

நியாயமான கேள்வி. காரணம் கோணம்.

இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடு வரை ஒரு கோடு இழுத்தால், அது முட்டியின் நடுவே போக வேண்டும் என்பது நீண்டகாலமாக மருத்துவர்கள் பின்பற்றும் இலக்கு. 3 டிகிரிக்கு மேல் விலகினால் ஒரு பக்கம் சுமை கூடி, பிளாஸ்டிக் சீக்கிரம் தேயலாம் என்ற கவலை உண்டு.

வழக்கமான முறையில், தொடை எலும்பின் உள்ளே ஒரு நீண்ட கம்பியைச் செலுத்தி, அதில் மாட்டிய உலோக அச்சை வைத்து எலும்பை அறுப்பார்கள். கூடவே கண்ணளவு, கையளவு, அனுபவம். இதையே பல ஆயிரம் முறை செய்த மருத்துவர்களின் கை பெரும்பாலும் தவறாது. ஆனால் தொடை எலும்பே இயல்புக்கு மாறாக வளைந்திருந்தாலோ, பழைய எலும்பு முறிவுக்கு உள்ளே பிளேட், ஸ்க்ரூ இருந்தாலோ கம்பியைச் செலுத்துவதே சிக்கல்.

கோணம் மட்டும் போதாது. முட்டியின் இரு பக்கமும் லிகமென்ட் எனப்படும் நார்கள் இருக்கின்றன. கயிற்றுக்கட்டிலில் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தொய்வாகவும் இருந்தால் எப்படி இருக்கும்? முட்டியும் அப்படித்தான். காலை நீட்டும்போதும் மடக்கும்போதும் இரு பக்கமும் சமமான இறுக்கம் வேண்டும். இதை மருத்துவர்கள் கையால் அசைத்துப் பார்த்து முடிவு செய்து வந்தார்கள். ரோபோ வந்த பிறகு அந்த இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் திரையில் எண்ணாகத் தெரிகிறது.

ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பது என்ன?

டிவியில் காட்டும் பல கைகள் கொண்ட ரோபோவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-ல் தொடங்கப்பட்ட ரோபோ அறுவை சிகிச்சை மையத்தில் இருப்பது அந்த வகை. சிறுநீரகம், குடல் போன்ற மென்மையான உறுப்புகளுக்கானது அது. டாக்டர் தனியாக ஒரு கன்சோலில் உட்கார்ந்து இயக்குவார். முட்டிக்கான ரோபோவில் டாக்டர் நோயாளியின் பக்கத்திலேயே, கத்தியும் கையுமாக நிற்கிறார்.

சில கருவிகளுக்கு முன்கூட்டியே காலின் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதிலிருந்து உங்கள் எலும்பின் முப்பரிமாண உருவம் கம்ப்யூட்டரில் தயாராகும். எந்த சைஸ் முட்டி, எந்தக் கோணம், எத்தனை மில்லிமீட்டர் அறுக்க வேண்டும் என்பதை மருத்துவர் முந்தைய நாளே திரையில் போட்டுப் பார்க்கலாம். ஸ்கேன் தேவைப்படாத கருவிகளும் இருக்கின்றன. அவற்றில் தியேட்டரிலேயே எலும்பின் மேற்பரப்பைத் தொட்டுத் தொட்டு அந்த உருவத்தை உருவாக்குவார்கள்.

முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு, வழக்கம்போலவே முட்டியின் முன்பக்கம் திறக்கப்படும். "ரோபோட்டிக்னா சின்ன ஓட்டைதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. முழு மூட்டு மாற்றில் உள்ளே வைக்கப்போகும் செயற்கை மூட்டின் அளவு மாறப்போவதில்லை என்பதால் தழும்பின் நீளத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சில மெல்லிய பின்கள் திருகப்படும். அவற்றின் மேல் சென்சார்கள். எதிரே நிற்கும் அகச்சிவப்பு கேமரா அவற்றைக் கவனித்துக்கொண்டே இருக்கும். காலை எப்படி அசைத்தாலும் எலும்பு எங்கே இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். மருத்துவர் ஒரு முனைக் கருவியால் எலும்பின் குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டு, திரையில் உள்ள எலும்பும் மேஜையில் உள்ள எலும்பும் ஒன்றுதான் என்று பொருத்துவார். இந்தப் பொருத்துதலில் தப்பு நடந்தால் பிறகு வரும் எல்லாமே தப்புதான். கருவி எவ்வளவு விலை என்பது இங்கே உதவாது. தொடும் கை சரியாக இருக்க வேண்டும்.

பின்னர் காலை நீட்டி, மடக்கி, இரு பக்கமும் அழுத்திப் பார்ப்பார்கள். உட்பக்கம் எவ்வளவு இறுக்கம், வெளிப்பக்கம் எவ்வளவு தொய்வு என்று திரை காட்டும். அறுப்பதற்கு முன்பே திட்டத்தை ஒரு மில்லிமீட்டர், ஒரு டிகிரி என்று மாற்றிக்கொள்ளலாம். எலும்பு சீவிய பிறகு "அடடா" என்று சொல்ல வழியில்லாத ஒரு வேலையில் இது உண்மையிலேயே பெரிய வசதி.

அறுக்கும்போது என்ன நடக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் மாகோவில் ரம்பம் ரோபோ கையில் பொருத்தப்பட்டிருக்கும். அதைப் பிடித்து அறுப்பவர் மருத்துவர். திட்டமிட்ட எல்லையைத் தாண்டினால் ரம்பம் நின்றுவிடும். ஸிம்மர் பயோமெட்டின் ரோசாவில் ரோபோ கை வழிகாட்டி அச்சைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும். அறுப்பது மருத்துவரின் ரம்பம். ஸ்மித் அண்ட் நெஃப்யூவின் கோரியில் கையில் அடங்கும் சிறிய கடைசல் கருவி எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். கொரியத் தயாரிப்பான குவிஸ் மாதிரியான கருவிகள் மட்டும், திட்டத்தைக் கொடுத்துவிட்டால் எலும்பைத் தாமே கடைந்துவிடும். அங்கும் திட்டத்தை முடிவு செய்வது மருத்துவர்தான். நிறுத்தும் பொத்தானும் அவர் கையில்தான்.

தோலைத் திறப்பது, நார்களைக் காப்பாற்றுவது, செயற்கை மூட்டைப் பொருத்துவது, தையல் போடுவது எல்லாமே டாக்டர் வேலை. ஆக, அம்மாவின் பயத்துக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம்: காலை மெஷினிடம் கொடுப்பதில்லை, டாக்டர் கையில் இன்னும் துல்லியமான ஒரு கருவியைக் கொடுக்கிறார்கள்.

இது நேற்று வந்த தொழில்நுட்பமும் இல்லை. எலும்பு அறுவை சிகிச்சைக்கான ரோபோடாக் என்ற கருவி 1992-லேயே அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் மனிதருக்கு இடுப்பு மூட்டு மாற்றில் பயன்பட்டது. அதற்கு முன் நாய்களுக்குச் செய்து பார்த்திருந்தார்கள். முழு முட்டி மாற்றுக்கு மாகோ கருவியைப் பயன்படுத்த அமெரிக்க எஃப்.டி.ஏ. 2015-ல் அனுமதி தந்த பிறகுதான் போட்டி சூடுபிடித்து, ஒவ்வொரு பெரிய நிறுவனமும் தனக்கென ஒரு ரோபோவை இறக்கியது. பொதுவாக எந்த நிறுவனத்தின் ரோபோவோ அந்த நிறுவனத்தின் செயற்கை மூட்டுதான் பொருத்த முடியும் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ரோபோவைத் தேர்ந்தெடுக்கும்போதே முட்டியின் பிராண்டும் முடிவாகிவிடுகிறது.

சரி, முடிவு நிஜமாகவே நன்றாக இருக்கிறதா?

இதுதான் பணம் கட்டும் கேள்வி. இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் பார்த்தால் ரோபோ ஜெயிக்கிறது. திட்டமிட்ட கோணத்திலிருந்து விலகிப்போகும் முட்டிகளின் எண்ணிக்கை ரோபோ முறையில் குறைவு என்று ஆய்வுக்கு ஆய்வு காட்டுகின்றன. இதில் பெரிய சர்ச்சை இல்லை.

ஆனால் நோயாளி எக்ஸ்ரேயை வைத்து நடப்பதில்லை. வலி குறைந்ததா, படி ஏற முடிகிறதா, முட்டி எத்தனை வருஷம் தாங்கியது என்பதுதான் அவருக்கு முக்கியம். அங்கே படம் மாறுகிறது.

தென் கொரியாவில் 2002 முதல் 2008 வரை, ஒரே மருத்துவர் ரோபோடாக் கொண்டும் வழக்கமான முறையிலும் செய்த ஆபரேஷன்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் மாதிரி தற்செயலாக முடிவு செய்து, 10 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. வலியிலும், நடமாட்டத்திலும், மூட்டு தளர்வதிலும் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 15 ஆண்டுக் கணக்கில் இரண்டு குழுவிலுமே சுமார் 98 சதவீத முட்டிகள் தாங்கியிருந்தன.

அது பழைய தலைமுறை ரோபோ என்று வாதிடலாம். வாதத்தில் நியாயமும் இருக்கிறது; இன்றைய கருவிகளில் இருக்கும் நார் இறுக்கக் கணக்கு அதில் இல்லை. மறுபக்கம், லண்டனில் மாகோ கருவியை வைத்து நடந்த 2018 ஆய்வில், ரோபோ முறையில் செய்துகொண்டவர்களுக்கு ஆரம்ப நாட்களில் வலி குறைவாக இருந்தது. சராசரியாக 77 மணி நேரத்தில் வீட்டுக்குப் போனார்கள். வழக்கமான முறையில் 105 மணி நேரம். நம்பிக்கை தரும் தகவல்தான். ஆனால் அதில் இருந்தது 80 பேர் மட்டுமே. முதல் 40 பேருக்கு வழக்கமான முறை, அடுத்த 40 பேருக்கு ரோபோ. குலுக்கல் கிடையாது. பிந்தைய 40 பேருக்கு மொத்த சிகிச்சை முறையுமே மெருகேறியிருக்க வாய்ப்பு உண்டு.

மூட்டு மாற்று செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழு திருப்தி இல்லை என்று சொல்வது பல ஆண்டுகளாக இந்தத் துறையை உறுத்தும் பிரச்சனை. கோணத்தைத் துல்லியமாக்கினால் இது தீரும் என்று நினைத்தார்கள். தீரவில்லை. ஒரு காரணம், இலக்கு எது என்பதிலேயே கருத்து வேறுபாடு இருப்பது. பெல்ஜியத்தில் மூட்டுவலியே இல்லாத இளைஞர்களின் காலை அளந்து 2012-ல் வெளியான ஆய்வில், ஆண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெண்களில் 17 சதவீதம் பேருக்கும் இயற்கையாகவே கால் 3 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்திருந்தது. பிறவியிலேயே லேசாக வளைந்த காலை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக்கினால், அந்த மனிதருக்கு அது அந்நியக் கால் மாதிரி தோன்றலாம். எனவே ஒவ்வொருவரின் இயல்பான வளைவுக்கு ஏற்றபடி பொருத்தும் முறைகளை மருத்துவர்கள் இப்போது முயன்று பார்க்கிறார்கள். இந்த முயற்சிக்கு ரோபோ நல்ல துணை. ஆனால் குறியைத் தேர்ந்தெடுப்பது மனிதர். குறி தவறாமல் அடிப்பதுதான் ரோபோ.

யாருக்குக் கூடுதல் பயன் என்று கேட்டால், தொடை எலும்பு வளைந்தவர்கள், பழைய முறிவுக்கு உள்ளே உலோகம் இருப்பவர்கள், முட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கு ரோபோ கைகொடுக்கும் என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. சாதாரணத் தேய்மானம், அனுபவமுள்ள மருத்துவர் என்றால் ரோபோ இல்லை என்பதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

ரோபோவால் வரும் கூடுதல் சிக்கல் உண்டா?

சிறியதாக உண்டு. பின் திருகிய இடத்தில் கிருமித் தொற்று வரலாம். அரிதாக, அந்த ஓட்டை வழியே எலும்பு விரிசல் விட்டதும் பதிவாகியிருக்கிறது. சி.டி. ஸ்கேன் என்றால் கொஞ்சம் கதிர்வீச்சு. புதிதாக ரோபோ வாங்கிய இடத்தில், குழு பழகும் வரை ஆபரேஷன் நேரம் நீளும். கருவி நடுவில் மக்கர் பண்ணினால் வழக்கமான முறைக்கு மாற வேண்டிவரும், அதனால் அந்த மருத்துவருக்குப் பழைய முறையும் கைவந்ததாக இருக்க வேண்டும். தொற்று, காலில் ரத்தம் உறைதல் போன்ற பொதுவான ஆபத்துகள் இரண்டு முறைக்கும் பொது.

செலவு: எது கட்டுப்பாட்டில், எது இல்லை?

2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டிக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோம் முட்டியின் விலை அதுவரை சராசரியாக ரூ.1,58,324 ஆக இருந்தது. அது ரூ.54,720 ஆக, ஜி.எஸ்.டி. தனியாக, குறைக்கப்பட்டது. பின்னர் இந்த வரம்பு நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

கவனிக்க வேண்டியது: உச்சவரம்பு உள்ளே வைக்கும் முட்டிக்கு மட்டும்தான். தியேட்டர் கட்டணம், அறை வாடகை, டாக்டர் ஃபீஸ், ரோபோ கட்டணம் எதற்கும் வரம்பு இல்லை. ரோபோவின் விலை கோடிகளில். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் புதிதாக மாற்ற வேண்டிய உதிரிப் பொருட்களும் உண்டு. அந்தச் செலவு நோயாளியின் பில்லில்தான் ஏறும். எனவே பேக்கேஜ் தொகையை மொத்தமாகக் கேட்காமல், முட்டிக்கு எவ்வளவு, ரோபோவுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது. இரண்டு காலுக்கும் செய்வதாக இருந்தால் ரோபோ கட்டணம் ஒரு தடவையா இரண்டு தடவையா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? நவீன சிகிச்சை முறைகள் சிலவற்றைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கித் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் ரோபோ அறுவை சிகிச்சையும் உள்ளது. ஆனால் அதற்கென உள்வரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. 5 லட்சம் பாலிசி கையில் இருந்தும், ரோபோ சிகிச்சைக்கு அதில் ஒரு பகுதிதான் என்று பாலிசியின் உள்பக்கத்தில் எழுதியிருக்கலாம். பல பாலிசிகளில் மூட்டு மாற்றுக்கு 2 ஆண்டோ அதற்கு மேலோ காத்திருப்புக் காலமும் இருக்கும். அட்மிஷன் போடுவதற்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுவது பின்னால் வரும் தலைவலியைத் தவிர்க்கும்.

கையில் பணம் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவுகளில் மூட்டு மாற்று செய்யப்படுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு போய் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கலாம். ரோபோ கட்டணத்துக்காக நகையை அடகு வைக்க நினைக்கும் குடும்பம், மேலே சொன்ன கொரிய ஆய்வின் முடிவை ஒருமுறை திரும்பப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

"உங்ககிட்ட ரோபோ இருக்கா?" என்பதைவிட, "வருஷத்துக்கு எத்தனை முட்டி மாத்துறீங்க, அதுல ரோபோ வச்சு எத்தனை?" என்ற கேள்வி பயன் தரும். அதற்குக் கோபப்படும் டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொள்வதா என்று யோசிக்கலாம். என் முட்டிக்கு ரோபோ தேவைப்படும் காரணம் என்ன, பாதி மாற்று போதுமா, பிசியோதெரபி எத்தனை நாள், அது பேக்கேஜில் சேருமா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் ஆபரேஷன். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண் இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். அங்கிருக்கும் கிருமி புது முட்டிக்குப் போய்விடும். முடக்கு வாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதைத் தாங்களாக முடிவு செய்யக்கூடாது. சில மருந்துகளைத் தொடர வேண்டும், சில ஊசிகளை ஆபரேஷன் தேதிக்கு ஏற்ப தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு முறையிலும் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்கவைத்துவிடுவார்கள். அடுத்த 6 வாரம்தான் நிஜமான வேலை. முட்டியை முழுசாக நீட்டுவதும் மடக்குவதும் அந்த நாட்களில் வராவிட்டால் பிறகு கஷ்டம். "வலிக்குதுப்பா, நாளைக்குப் பண்றேன்" என்று படுத்துவிட்டால், எத்தனை லட்சம் ரோபோவும் அந்த முட்டியை மடக்கித் தராது. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பாக, டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வது பலருக்கு உதவும்.

வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லை என்றால் ஆபரேஷனுக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழுக்காத மிதியடி, கொஞ்சம் உயரமான நாற்காலி. சம்மணம் போட்டு உட்காருவது, குந்துவது இரண்டையும் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பந்தியில் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி இறுகி வலித்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, தையலில் இருந்து நீரோ சீழோ கசிந்தாலோ மறுபரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.